முதலில் கோட்டைத் தொட்டவர் ஜெயித்தவர் இல்லை

ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் டி.டி. (டூரிஸ்ட் டிராபி) மோட்டார் சைக்கிள் பந்தயத்தை முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இப்போ யாரு சார் முன்னாடி போறாங்க?"

பதில் சொல்வது லேசில்லை. அங்கே எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதில்லை. டக்ளஸ் நகரத்தின் கிளென்கிரட்சரி சாலையில் பத்து விநாடிக்கு ஒருவராகத் தோளைத் தட்டி அனுப்புகிறார்கள். ஒவ்வொருவரும் தனியாக 60.7 கிலோமீட்டர் சுற்றிவிட்டு அதே இடத்துக்குத் திரும்புகிறார்கள். பெரிய பந்தயம் என்றால் ஆறு சுற்று. முடிவில் யாருடைய மொத்த நேரம் குறைவோ அவர்தான் வெற்றியாளர். கோட்டை முதலில் தொட்டவர் தன் வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, பின்னால் எங்கோ வந்துகொண்டிருக்கும் ஒருவருக்காகக் காத்து நிற்பார். தான் ஜெயித்தோமா தோற்றோமா என்பது அவருக்கே தெரியாது.

இந்தக் காத்திருப்புக்காகத்தான் நான் டி.டி.யைத் தொடர்கிறேன். மற்ற பந்தயங்களில் கண் போதும். இதற்கு ஸ்டாப்வாட்ச் வேண்டும். ஓசூரில் டூல்ரூமில் மைக்ரோமீட்டரும் கையுமாகவே வாழ்க்கையை ஓட்டியவன் நான். ஒரு மைக்ரான், ஒரு விநாடி என்று யாராவது பேசினால் காது தானாக நிமிர்ந்துவிடும்.

வருடா வருடம் மே கடைசி, ஜூன் முதல் வாரத்தில் இணையத்தில் அந்தத் தீவின் மேங்க்ஸ் ரேடியோ வர்ணனையைப் போட்டுக்கொண்டு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவேன். வீடியோ எனக்கு இரண்டாம்பட்சம். கிளென் ஹெலன், பல்லாஃப், ராம்சி, பங்களா, கிராங்க் நி மோனா என்று நேரம் எடுக்கும் இடங்கள் வரிசையாக வரும். "ராம்சியில் 2.1 விநாடி முன்னிலை" என்று குரல் சொன்னவுடன் எழுதிக்கொள்வேன். பங்களாவில் அது 1.4 ஆகியிருக்கும். மலை இறங்கிக் கீழே வருவதற்குள் என்ன ஆகுமோ என்று வயிற்றில் ஒரு கலக்கம். வீட்டம்மா எட்டிப் பார்த்து, "இன்னும் கணக்கு முடியலையா?" என்பாள்.

2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரத்தில், எங்கள் ஊர் டி.வி.எஸ். மோட்டார் இங்கிலாந்தின் நார்டன் மோட்டார் சைக்கிள் கம்பெனியை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கிய செய்தி வந்தது. தெருவில் இருக்கிற பையன்கள், "நார்டனா? ஆன்டிவைரஸா அங்கிள்?" என்றார்கள். அவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் நார்டனின் டி.டி. கதையும் டி.டி.யின் கதையும் ஒரே நாளில் தொடங்குகின்றன.

அந்த நாள் 1907 மே 28.

பிரிட்டனில் அப்போது மோட்டார் வண்டிக்கு வேக வரம்பு மணிக்கு 20 மைல். பொதுச்சாலையை மூடிவிட்டுப் பந்தயம் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஐரிஷ் கடலுக்கு நடுவில் இருக்கிற ஐல் ஆஃப் மேன் தீவுக்கு மட்டும் டின்வால்ட் என்று சொந்த நாடாளுமன்றம் உண்டு. அவர்கள் 1904-லேயே கார் பந்தயத்துக்காகச் சாலையை மூட ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். கார் போன வழியில் மோட்டார் சைக்கிளும் போனது, அவ்வளவுதான்.

பெயரே டூரிஸ்ட் டிராபி. சாதாரண ஆள் ஊர் சுற்றப் போகிற வண்டிகளுக்கான போட்டி என்று அர்த்தம். அதனால் மைலேஜுக்கும் கட்டுப்பாடு வைத்தார்கள். ஒற்றை சிலிண்டர் வண்டி காலனுக்கு 90 மைல், இரட்டை சிலிண்டர் 75 மைல் கொடுத்தாக வேண்டும். நம் கணக்கில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 32, 27 கிலோமீட்டர். "எவ்ளோ குடுக்கும்?" என்கிற கேள்வி நம் ஊரில் பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் கவனிக்கவும்.

செயின்ட் ஜான்ஸ் என்ற இடத்திலிருந்து பத்து சுற்று, மொத்தம் 158 மைல். இருபத்தைந்து பேர் கிளம்பினார்கள். ஒற்றை சிலிண்டர் பிரிவில் சார்லி காலியர், தன் குடும்பமே தயாரித்த மேட்ச்லெஸ் வண்டியில், நான்கு மணி எட்டு நிமிடத்தில் முடித்து ஜெயித்தார். சராசரி மணிக்கு 61 கிலோமீட்டர் சொச்சம். அவர் வண்டியில் சைக்கிள் மாதிரி பெடல் இருந்தது. மேட்டில் எஞ்சின் திணறினால் மிதிக்கலாம். இரண்டாவதாக வந்த டிரையம்ப் வீரர் ஜாக் மார்ஷலுக்கு அந்த வசதி இல்லை. அடுத்த வருடம் பெடலைத் தடை செய்தார்கள். மார்ஷல் ஜெயித்தார். இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரட்டை சிலிண்டர் பிரிவில்தான் நம்ம ஆள் வருகிறார், ரெம் ஃபௌலர். வண்டி நார்டன், எஞ்சின் பிரான்ஸின் பெஷோ. அவர் பட்ட பாட்டை இன்று படித்தாலும் மூச்சு வாங்கும். பிளக் மாற்றினார், பெல்ட்டைச் சரி செய்தார், மறுபடியும் பிளக். முன் டயர் வேறு வெடித்தது. விட்டுவிடலாம் என்று நின்றபோது, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "நீங்க அரை மணி நேரம் முன்னாடி இருக்கீங்க" என்று சொன்னதாகவும், அதனால்தான் டயரை ஒட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினார் என்றும் ஒரு கதை உண்டு. எனக்கு அந்தப் பெயர் தெரியாத பார்வையாளரை ரொம்பப் பிடிக்கும். டி.டி.யின் முதல் நேரக் கணக்காளர் அவர்தான். இத்தனை ரிப்பேருக்கு நடுவிலும் அன்றைய வேகமான சுற்று ஃபௌலருடையதுதான், மணிக்கு 42.91 மைல்.

1911-ல் பந்தயத்தை மலைப்பாதைக்கு மாற்றினார்கள். சின்ன மாற்றங்களோடு அதுதான் இன்றைக்கும் ஓடுகிற பாதை. டக்ளஸில் கிளம்பி, பிரே ஹில் சரிவில் விழுந்து, கிராமங்களின் கல்சுவர்களுக்கு இடையே புகுந்து, பல்லாஃப் பாலத்தில் இரண்டு சக்கரமும் காற்றில் எழும்பி, ராம்சியில் கொண்டை ஊசி வளைவு திரும்பி, ஸ்நேஃபெல் மலைமேல் 400 மீட்டருக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். கீழே வெயிலடிக்கும்போது மேலே பனிமூட்டம் இருக்கும். அந்த முதல் வருடமே அமெரிக்காவின் இந்தியன் கம்பெனி வண்டிகள் டி.டி.யின் தலையாய பந்தயமான சீனியரில் முதல் மூன்று இடத்தையும் அள்ளிக்கொண்டு போயின. பெயரைப் பார்த்து நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை. மலை ஏற கியர் வேண்டும், அவர்களிடம் கியரும் செயினும் இருந்தன. ஜெயித்தவர் ஆலிவர் காட்ஃப்ரி. அதே வருடம் பிராக்டீஸில் விக்டர் சரிட்ஜ் என்ற வீரர் இறந்தார். இந்தப் பந்தயத்தின் முதல் சாவு அது.

1914 சீனியரில் சிரில் புல்லின் ஜெயித்தார். இரண்டாமிடம் இரண்டு பேருக்கு. 360 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இருவர் நேரமும் ஒன்றாக இருந்ததாம். அந்தக் காலத்துக் கடிகாரத்தில் விநாடிக்குக் கீழே எவ்வளவு பார்க்க முடிந்திருக்கும் என்று என் தொழில்புத்தி கேட்கிறது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

வெற்றியாளர் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு டி.டி.யைப் பேசுகிறவர்களிடம் நான் ஜிம்மி சிம்ப்சனின் பெயரைச் சொல்வேன். மலைப்பாதையில் முதன்முதலில் 60 மைல் சராசரியில் ஒரு சுற்று முடித்தவர் அவர், 1924-ல். 70 மைலை முதலில் தாண்டியதும் அவர், 1926. 80-ஐத் தாண்டியதும் அவர்தான், 1931. ஒரு தலைமுறையின் வேகத்தையே தூக்கி நிறுத்திய மனிதர். ஆனால் வண்டிதான் தாங்காது. முன்னால் போவார், ஏதாவது உடையும். அவர் ஜெயித்தது ஒரே ஒரு டி.டி. பந்தயம், 1934-ல் சின்ன எஞ்சின்களுக்கான லைட்வெயிட் பிரிவு, ரட்ஜ் வண்டியில். பட்டியலில் ஒரு வரி. என் நோட்டில் அவருக்குத் தனிப் பக்கம்.

இப்போது 1935. எனக்குத் தெரிந்து ஸ்டாப்வாட்சை வைத்து இதைவிட அழகாக யாரும் ஏமாற்றியதில்லை.

சீனியர் பந்தயம், ஏழு சுற்று. அந்தக் காலத்தில் நார்டன் என்றால் அசைக்க முடியாத கம்பெனி. அதன் வீரர் ஜிம்மி கத்ரி முதல் எண்ணில் கிளம்பினார். டப்ளினைச் சேர்ந்த ஸ்டான்லி வுட்ஸ் இத்தாலியின் மோட்டோ குஸ்ஸியில், முப்பதாவது எண். அரை நிமிடத்துக்கு ஒருவர் என்பதால், இருவருக்கும் நடுவில் பதினான்கரை நிமிட இடைவெளி. குஸ்ஸியில் பின் சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் இருந்தது. அதெல்லாம் பந்தய வண்டிக்கு ஆகாது என்று நம்பிய காலம் அது.

கடைசிச் சுற்று தொடங்கும்போது கத்ரி 26 விநாடி முன்னிலை. வுட்ஸின் பிட்டில் குஸ்ஸிக்காரர்கள் பெட்ரோல் ஊற்றத் தயாராக நின்றார்கள். நார்டன் முகாம் அதைப் பார்த்தது. பெட்ரோலுக்கு நின்றால் இன்னும் நேரம் போகும், ஆகவே ஜெயிப்பு உறுதி, கத்ரி வண்டியை வதைக்க வேண்டாம் என்று முடிவு செய்தது. வுட்ஸ் வந்தார். நிற்கவே இல்லை. குனிந்த தலை நிமிராமல் பிட்டைக் கடந்து போய்விட்டார்!

தகவல் கத்ரிக்கு எப்படிப் போகும்? அவர் பல மைல் தள்ளி இருக்கிறார். அவர் வந்து கோட்டைத் தொட்டார், கை குலுக்கினார்கள், வெற்றியாளராகப் போட்டோ எடுத்தார்கள். நிமிடங்கள் போயின. வுட்ஸ் மணிக்கு 86.53 மைல் வேகத்தில் புதிய சுற்றுச் சாதனையோடு வந்து சேர்ந்தார். கணக்குப் பார்த்தால் நான்கு விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தது வுட்ஸ். நார்டன்காரர்களுக்கு அன்று சாப்பாடு இறங்கியிருக்காது. எங்கள் ஊர்க் கம்பெனியின் வண்டி என்று இன்றைக்குப் பாசம் வந்துவிட்டாலும், இந்த விஷயத்தில் என் ஓட்டு வுட்ஸுக்குத்தான். அவர் மொத்தம் பத்து டி.டி. ஜெயித்தார்.

1939-ல் ஜெர்மனியின் கியோர்க் மையர் பி.எம்.டபிள்யூ.வில் சீனியரை ஜெயித்தார். சில மாதத்தில் உலகப்போர். பந்தயம் திரும்ப வந்தது 1947-ல். 1949-ல் மோட்டார் சைக்கிளுக்கு உலகச் சாம்பியன் பட்டம் என்று ஒன்றை உருவாக்கியபோது அதன் முதல் பந்தயமே டி.டி.தான். அதில் லெஸ் கிரஹாம் முன்னிலையில் வந்துகொண்டிருந்தார். சில மைல் பாக்கி இருக்கும்போது எஞ்சினுக்குத் தீப்பொறி தருகிற மேக்னெட்டோவின் ஷாஃப்ட் உடைந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து முடித்தார். கோப்பை நார்டனில் வந்த ஹரால்ட் டேனியலுக்கு. கிரஹாம் அந்த வருடம் உலகச் சாம்பியன் ஆனார். நான்கு வருடம் கழித்து இதே பாதையில் இறந்தார்.

நூறு மைல் கதையும் உண்டு. 1955-ல் ஜெஃப் டியூக் ஜிலேரா வண்டியில் மணிக்கு நூறு மைல் சராசரியில் ஒரு சுற்றை முடித்துவிட்டார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. கொஞ்ச நேரத்தில் திருத்தம் வந்தது: 99.97. அந்த 0.03-ஐ வைத்து எத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்கும்! இரண்டு வருடம் கழித்து, டி.டி.யின் பொன்விழா ஆண்டில், ஸ்காட்லாந்தின் பாப் மெக்கின்டயர் அதே ஜிலேராவில் 101.12 மைலில் சுற்றி அந்தக் கணக்கைத் தீர்த்தார். அன்றைய சீனியர் எட்டுச் சுற்று, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார்.

1959-ல் ஜப்பானிலிருந்து ஹோண்டா என்று ஒரு கம்பெனி 125 சிசி வண்டிகளோடு வந்து இறங்கியது. சிறந்த இடம் ஆறாவது, நவோமி தானிகுச்சி. 1961-ல் அதே ஹோண்டாவில் மைக் ஹெயில்வுட் 125, 250 இரண்டையும் ஜெயித்தார். அந்த வாரமே சீனியரை நார்டனில் ஜெயித்தார். ஒரே வாரத்தில் மூன்று டி.டி. என்பது அதுவரை யாரும் செய்யாதது. ஆனால் ஒற்றை சிலிண்டர் நார்டனின் காலம் அத்தோடு முடிந்தது. அடுத்த சீனியர் வெற்றிக்கு நார்டன் 31 வருடம் காத்திருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

என் மாமா திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மூர் மார்க்கெட்டில் பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வாங்கி வருவார். அதில் 1967 சீனியர் பந்தயத்தின் படங்கள் இருந்தன. ஹோண்டாவில் ஹெயில்வுட், எம்.வி. அகுஸ்டாவில் ஜியாகோமோ அகோஸ்டினி. எங்கள் வீட்டில் அது எம்.ஜி.ஆர்., சிவாஜி மாதிரி. மாமா அகோஸ்டினி கட்சி, நான் ஹெயில்வுட் கட்சி. அந்தப் பந்தயத்தில் முன்னிலை மாறி மாறிப் போனது. ஹெயில்வுட்டின் ஆக்சிலரேட்டர் கைப்பிடி கழன்று கழன்று வந்தது, அதைப் பிடித்துக்கொண்டே 108.77 மைலில் சுற்றினார். ஐந்தாவது சுற்றில் அகோஸ்டினி ஒன்றிரண்டு விநாடி முன்னால் இருந்தபோது செயின் அறுந்தது. "செயின் அறுந்ததால ஜெயிச்சான்" என்று மாமா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஹெயில்வுட்டின் அந்த 108.77 எட்டு வருடம் நிலைத்தது. நான் அதைத்தான் பதிலாகச் சொல்வேன்.

மாமா கட்சிக்காரர் அகோஸ்டினிதான் டி.டி.யின் தலையெழுத்தை மாற்றினார். 1972-ல் காலையில் மழையில் நடந்த 125 சிசி பந்தயத்தில் அவருடைய நண்பர் கில்பெர்ட்டோ பார்லோட்டி விழுந்து இறந்தார். அகோஸ்டினி அன்று சீனியரை ஓட்டி ஜெயித்தார், இனி இங்கே வரமாட்டேன் என்று போய்விட்டார். மற்ற பெரிய வீரர்களும் ஒவ்வொருவராக நின்றுகொண்டார்கள். 1976-க்குப் பிறகு உலகச் சாம்பியன் பட்டத்தின் கணக்கிலிருந்து டி.டி. நீக்கப்பட்டது. பிரிட்டனின் கிராண்ட் பிரி சில்வர்ஸ்டோனுக்குப் போனது.

1911-லிருந்து இந்தப் பாதையில் இறந்த வீரர்கள் 250-க்கு மேல். 2022-ல் ஒரே வண்டியில் சைட்கார் ஓட்டிய அப்பாவும் மகனும் போனார்கள். "இதைப் போய் ரசிக்கிறீர்களே?" என்று என் மகள் கேட்டிருக்கிறாள். அவளுக்கு நான் சமாதானம் எதுவும் சொல்வதில்லை. அகோஸ்டினி செய்தது சரி. பங்கேற்பைக் கட்டாயமாக்குகிற ஒரு சாம்பியன்ஷிப்பில் இப்படி ஒரு பாதை இருந்திருக்கவே கூடாது. விரும்பி வருகிறவர்கள் மட்டும் வருகிற பந்தயமாக அது மாறியது நியாயம். அதற்கு மேல் எனக்குத் தெளிவில்லை. ரேடியோவில் "சிவப்புக் கொடி", அதாவது பந்தயம் நிறுத்தம், என்று சொல்லி வர்ணனையாளர் குரலைத் தாழ்த்தும்போது நான் பேனாவை மூடிவிடுவேன்.

பட்டத்தை இழந்த டி.டி. செத்துவிடும் என்றார்கள். 1978-ல் ஹெயில்வுட் திரும்பி வந்தார். வயது 38. நடுவில் கார் பந்தயத்தில் கால் நசுங்கி நொண்டி நடந்தவர். பதினோரு வருட இடைவெளிக்குப் பிறகு டுகாட்டியில் ஏறி, தனக்கு 50 விநாடி முன்னால் கிளம்பிய ஃபில் ரீடைச் சாலையிலேயே எட்டிப் பிடித்தார். டி.டி.யில் ஒருவரைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பது என்றால் அர்த்தமே வேறு, அந்த ஐம்பது விநாடியும் உங்கள் கணக்கில் ஏறிவிட்டது. மறுவருடம் சுசுகியில் சீனியரையும் ஜெயித்தார், மொத்தம் 14. 1981-ல் சாதாரண சாலை விபத்தில், காரில் போகும்போது, மகளோடு இறந்துபோனார்.

சரி, நார்டன்.

1992. கம்பெனி கடனில் தள்ளாடிக்கொண்டிருந்தது. அதனிடம் இருந்த வண்டி வினோதமானது: 588 சிசி ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் கிடையாது, முக்கோண ரோட்டர் ஒரு அறைக்குள் சுழலும். பயங்கரமாகச் சூடாகும். காற்று நன்றாகப் படட்டும் என்று முன் மட்கார்டையே கழற்றிவிட்டார்கள். ஓட்டியவர் ஸ்காட்லாந்தின் ஸ்டீவ் ஹிஸ்லப். 1989-ல் ஹோண்டாவில் முதல் 120 மைல் சுற்றைப் போட்டவர். எதிரே யமஹாவில் கார்ல் ஃபோகார்டி. ஃபோகார்டியின் எண் 4, ஹிஸ்லப் 19. அதாவது ஃபோகார்டி முன்னால் கிளம்பி முன்னால் வந்து சேருவார்.

ஆறு சுற்று, 364 கிலோமீட்டர். இருவருக்கும் நடுவில் இருந்த இடைவெளி எப்போதும் சில விநாடிதான், முன்னிலை கைமாறிக்கொண்டே இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. சாலையோரம் அவரவர் ஆட்கள் நீட்டும் பலகையில் +2, -1 என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் சண்டை. கடைசிச் சுற்றில் ஃபோகார்டியின் யமஹா பாகம் பாகமாகக் கழன்று வந்தது, சைலன்சர் உடைந்து அலறியது. அந்த வண்டியை வைத்துக்கொண்டு மனிதர் 123.61 மைல் சராசரியில், 18 நிமிடம் 18.8 விநாடியில் சுற்றை முடித்தார். சுற்றுச் சாதனை! அது 1999 வரை நின்றது.

வந்து நின்றார். காத்திருந்தார். ஹிஸ்லப் வந்தார். நார்டன் 4.4 விநாடியில் ஜெயித்தது.

இதையெல்லாம் அன்றைக்கு நான் கேட்கவில்லை. மாதங்கள் கழித்துப் பெங்களூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் பத்திரிகையாகத்தான் கிடைத்தது. முடிவு அட்டையிலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் நின்றபடியே முழுதும் படித்தேன். 1935-ல் நான்கு விநாடியில் இழந்ததை 57 வருடம் கழித்து 4.4 விநாடியில் வாங்கிக்கொண்டது நார்டன். மூன்றாவதாக வந்ததும் ஒரு நார்டன்தான். ஓட்டியவர் ராபர்ட் டன்லப். அந்தக் குடும்பப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ராபர்ட்டின் அண்ணன் ஜோயி டன்லப். வட அயர்லாந்தின் பாலிமனி ஊர்க்காரர். அங்கே ஒரு மதுக்கடை நடத்தினார், தன் வண்டியைத் தானே பிரித்து மாட்டினார், மஞ்சள் ஹெல்மெட். 1977-ல் முதல் வெற்றி. 1985-ல் டி.டி.க்கு மீன்பிடிப் படகில் கிளம்பியபோது படகு மூழ்கியது. எல்லோரையும் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். அந்த வருடம் மூன்று பந்தயம் ஜெயித்தார்! பந்தயம் இல்லாத நாட்களில் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ருமேனியாவின் அநாதை இல்லங்களுக்கு ஓட்டிக்கொண்டு போவார். உதவியாளர் கிடையாது, கேமரா கிடையாது.

2000-ல் அவருக்கு 48 வயது. எல்லோரும் முடிந்த கதை என்று நினைத்தார்கள். ஃபார்முலா ஒன் (டி.டி.யில் அது பெரிய மோட்டார் சைக்கிள் பிரிவு, கார் இல்லை), 250, 125 மூன்றையும் ஒரே வாரத்தில் ஜெயித்தார். மொத்தம் 26. அடுத்த மாதம், ஜூலை 2, எஸ்டோனியாவின் தாலின் நகரில் மழையில் நடந்த ஒரு பந்தயத்தில் மரத்தில் மோதி இறந்தார். பாலிமனியில் இறுதி ஊர்வலத்துக்கு ஐம்பதாயிரம் பேர் வந்தார்கள்.

அப்புறம் வேகம் ஏறிக்கொண்டே போனது. 2007 நூற்றாண்டு டி.டி.யில் ஜான் மெக்கின்னஸ் 130 மைலைத் தாண்டினார். 2016-ல் மைக்கேல் டன்லப் ஒரு சுற்றை 17 நிமிடத்துக்குள் கொண்டுவந்தார். 2023-ல் பீட்டர் ஹிக்மன் 16 நிமிடம் 36.115 விநாடி, 136.358 மைல். நம் கணக்கில் சராசரி மணிக்கு 219 கிலோமீட்டர், அதுவும் கிராமத்துச் சாலையில்.

மைக்கேல், ராபர்ட்டின் மகன். 2008-ல் நார்த் வெஸ்ட் 200 பந்தயத்தின் பிராக்டீஸில் ராபர்ட் இறந்தார். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில், அதே 250 பிரிவில் மைக்கேல் ஓட்டி ஜெயித்தார். 2018-ல் அண்ணன் வில்லியமும் ஒரு பந்தயத்தின் பிராக்டீஸில் போய்ச் சேர்ந்தார். மைக்கேல் நிறுத்தவில்லை. 2024-ல் பெரியப்பாவின் 26-ஐத் தொட்டார். மறுநாள் சூப்பர்பைக் பந்தயத்தில் வசதியான முன்னிலையில் இருந்தபோது ஹெல்மெட்டின் கண்ணாடி சரியாகப் பூட்டாமல், நின்று சரிசெய்ய வேண்டி வந்தது. வெற்றி ஹிக்மனுக்குப் போனது. அந்த வாரமே மைக்கேல் 27, 28, 29 என்று தாண்டிப் போய்விட்டார். 2025-ல் 33.

என் தம்பி மகன் மைக்கேல் ரசிகன். "முப்பத்தி மூணு பெருசா இருபத்தாறு பெருசா பெரியப்பா?" என்று வம்பிழுப்பான். எண்ணிக்கையில் சந்தேகமில்லை, மைக்கேல்தான். ஆனால் நாற்பத்தெட்டு வயதில் ஒரே வாரத்தில் மூன்று என்பதற்கு அவனிடம் பதில் இல்லை. மைக்கேலுக்கு நாற்பத்தெட்டு ஆக 2037 வரை இருக்கிறது. அதுவரை தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது என்று சொல்லியிருக்கிறேன்.

2025 சீனியர் நடக்கவே இல்லை. வானிலை விடவில்லை, ரத்து செய்துவிட்டார்கள். வெள்ளியில் செய்த அந்தக் கோப்பைக்கு, 1907-லிருந்து கொடுக்கப்படுகிற சிறகு முளைத்த மெர்க்குரி சிலைக்கு, அந்த வருடம் புதிய பெயர் கிடையாது. நான் ரேடியோவைப் போட்டுவிட்டு, "தாமதம்", "மறுபடியும் தாமதம்" என்கிற அறிவிப்புகளைக் கேட்டபடி நேரத்தைப் போக்கினேன்.

டி.வி.எஸ்.ஸில் வேலை பார்க்கிற பையன்கள் சிலர் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். நார்டனை எப்போதப்பா தீவுக்கு அனுப்புவீர்கள் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன். அது தங்கள் டிபார்ட்மென்ட் இல்லை என்கிறார்கள். இருக்கட்டும், நான் கேட்பதை விடப்போவதில்லை.